ஹைபிரிட் காரின் மோட்கள்: எதை எப்போது அழுத்தினால் எரிபொருள் மிச்சமாகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து இயங்கும் ஹைபிரிட் காரில் உட்கார்ந்ததும் ஈக்கோ, நார்மல், ஸ்போர்ட், ஈவி (பேட்டரி மின்சாரத்தில் மட்டும் ஓடுவது) என்று வரிசையாகப் பொத்தான்கள் கண்ணில் படும். கியர் லீவரில் ‘பி’ என்று ஒரு நிலை வேறு இருக்கும். உடன் வரும் கையேடு ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். பல ஆண்டுகளாக ஹைபிரிட் ஓட்டிவருகிறேன். புதிதாக வாங்கியவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றையும், கணக்கோடும் காரணத்தோடும் என்னால் சொல்ல முடிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

எல்லா ஹைபிரிட் கார்களுக்கும் ஒரே அறிவுரை பொருந்துமா?

பொருந்தாது. உங்கள் கார் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மைல்டு ஹைபிரிடில் இருப்பது பெரும்பாலும் 48 வோல்ட் அளவில் இயங்கும் சிறிய மோட்டார். அது எஞ்சினுக்குக் கைகொடுக்கும். தனியாகக் காரை இழுத்துச் செல்லும் வலு பொதுவாக அதற்கு இல்லை. முழு ஹைபிரிடில் மோட்டார் மட்டுமே காரை நகர்த்த முடியும். 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் இந்த வகைதான். பிளக்-இன் ஹைபிரிடில் பேட்டரி பல மடங்கு பெரிது. வெளியிலிருந்து மின்சாரம் ஏற்றிக்கொள்ளலாம். கீழே நான் சொல்வது பெரும்பாலும் முழு ஹைபிரிடுக்கு. பிளக்-இன் பற்றித் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

ஈக்கோ மோடை அழுத்தினால் காருக்குள் என்ன மாறுகிறது?

எஞ்சின் மாறுவதில்லை. மாறுவது ஆக்ஸிலரேட்டர் மிதியின் பேச்சுதான். இன்றைய கார்களில் மிதிக்கும் எஞ்சினுக்கும் இடையே கம்பி கிடையாது. மிதி எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்பதை ஒரு சென்சார் கணினிக்குச் சொல்கிறது, எவ்வளவு சக்தி தர வேண்டும் என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. ஈக்கோவில் அதே அழுத்தத்துக்குக் கணினி குறைவான சக்தியைத் தரும். பல கார்களில் ஏசியின் வேகத்தையும் சற்றுக் குறைத்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஈக்கோவில் கார் சோம்பலாக இருக்கிறதே என்று மிதியை இன்னும் ஆழமாக அழுத்தி, நார்மலில் எடுக்கும் அதே வேகத்தை அதே நேரத்தில் எடுத்தால், ஏசியில் கிடைக்கும் சிறு மிச்சத்தைத் தவிர வேறு எதுவும் மிச்சமாகாது. அதே எடையை அதே வேகத்துக்குக் கொண்டுபோக அதே அளவு ஆற்றல் வேண்டும். ஈக்கோ மோட் யாருக்கு நிஜமாக உதவுகிறது என்றால், கால் கனமானவர்களுக்கு. குண்டும் குழியுமான சாலையில் கால் தானாகத் துள்ளி மிதியை உலுக்கும்போதும், நெரிசலில் ஒவ்வோர் அடியாக நகரும்போதும், அந்தத் துள்ளலை ஈக்கோ வடிகட்டிவிடுகிறது. பயிற்சிக்கும் அது நல்ல வாத்தியார். இரண்டு மூன்று மாதம் ஈக்கோவில் ஓட்டிப் பழகியவர்களின் கால் பிறகு நார்மலிலும் நிதானமாகவே அழுத்துவதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் எப்போதும் ஈக்கோவிலேயே விட்டுவிடலாமா?

பெரும்பாலான நாட்களில் விட்டுவிடலாம். ஆனால் வேகமாகப் போகும் வாகனங்களுக்கு நடுவே நெடுஞ்சாலையில் நுழையும்போதும், இருவழிச் சாலையில் முந்தும்போதும், ஆள் நிறைந்த காரில் செங்குத்தான மேடு ஏறும்போதும் நார்மலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பத்து விநாடி நேரத்தில் மிச்சமாகும் சில துளிகளுக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம். பல கார்களில் மிதியை அடிவரை அழுத்தினால் ஈக்கோவிலும் முழுச் சக்தி கிடைத்துவிடும். உங்கள் காரில் எப்படி என்று காலியான சாலையில் ஒருமுறை சோதித்துத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

ஸ்போர்ட் அல்லது பவர் மோட் எரிபொருளைக் குடித்துவிடுமா?

மிதியின் முதல் பாதியிலேயே அதிகச் சக்தியைத் தரும்படி கணினி மாறுகிறது. சில கார்களில் எஞ்சினை அணைய விடாமல் தயார் நிலையில் வைத்திருக்கும். அங்கேதான் நஷ்டம் தொடங்குகிறது. மலையேற்றத்துக்குப் பயன்படுத்திவிட்டு மாற்றிவிடுங்கள்.

ஈவி மோடில் பெட்ரோலே செலவாகாது. அதுதானே மிகச் சிக்கனமானது?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

வெளியிலிருந்து மின்சாரம் ஏற்ற முடியாத ஹைபிரிடில், பேட்டரியில் உள்ள ஒவ்வொரு துளி மின்சாரமும் பெட்ரோலிலிருந்து வந்ததுதான். ஒன்று, எஞ்சின் நேரடியாக ஜெனரேட்டரைச் சுற்றி உருவாக்கியது. அல்லது, எஞ்சின் கொடுத்த வேகத்தை பிரேக் போடும்போது மீட்டெடுத்தது. எஞ்சினிலிருந்து ஜெனரேட்டர், அங்கிருந்து பேட்டரி, பேட்டரியிலிருந்து மோட்டார் என்று ஆற்றல் கைமாறும் ஒவ்வொரு படியிலும் ஒரு பங்கு வெப்பமாகக் கரைந்துபோகும். எஞ்சினிலிருந்து நேராகச் சக்கரத்துக்குப் போயிருந்தால் அந்த இழப்பு இல்லை.

பேட்டரியின் அளவையும் பாருங்கள். பிரியஸின் இரண்டாம், மூன்றாம் தலைமுறைக் கார்களில் இருந்த நிக்கல் பேட்டரியின் கொள்ளளவு 1.3 கிலோவாட் மணி. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. அதாவது முழு பேட்டரியிலும் அடங்கும் ஆற்றல், சுமார் 150 மில்லிலிட்டர் பெட்ரோலில் இருப்பதுதான். மோட்டார் அதை எஞ்சினைவிடத் திறமையாகப் பயன்படுத்தும் என்பது உண்மை. ஆனால் பேட்டரியின் ஆயுளைக் காக்க, கணினி அதன் நடுப்பகுதியை மட்டுமே பயன்படுத்த விடுகிறது. எனவே பொத்தானை அழுத்திப் போகக்கூடிய தூரம் ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான்.

நானும் இந்தத் தவறைச் செய்தேன். முதல் ஹைபிரிட் வாங்கிய புதிதில், தினமும் காலையில் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து பிரதான சாலை வரை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரை ஈவி பொத்தானை அழுத்தியே கடப்பேன். சத்தமே இல்லாமல் நழுவிப் போவது மனதுக்கு அவ்வளவு நிறைவாக இருக்கும். பிரதான சாலையில் ஏறியதும் எஞ்சின் உறுமிக்கொண்டு எழும். அப்போது அது குளிர்ந்து கிடக்கும், பேட்டரி காலியாகியிருக்கும், எதிரே மேடு. குளிர்ந்த எஞ்சின் காரையும் இழுத்து, பேட்டரியையும் நிரப்பி, தன்னையும் சூடாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு ஒரு மாதம் அந்தப் பொத்தானைத் தொடாமல் ஓட்டி, டாங்க் நிரப்பிக் கணக்குப் பார்த்தேன். மைலேஜ் கூடியிருந்தது.

அதனால் ஈவி பொத்தானுக்கு நான் தரும் வேலை மிகச் சிறியது. நிறுத்துமிடத்தில் வண்டியை இடம் மாற்றுவது, மூடிய வளாகத்துக்குள் புகையில்லாமல் நுழைவது, நள்ளிரவில் அக்கம்பக்கத்தாரின் தூக்கம் கலையாமல் வீடு வந்து சேருவது. மற்ற நேரங்களில் எஞ்சினை எப்போது அணைப்பது என்பதைக் கணினியிடமே விட்டுவிடுங்கள். பேட்டரியின் நிலை, எஞ்சினின் சூடு, தேவைப்படும் சக்தி எல்லாவற்றையும் ஒரே கணத்தில் கணக்கிடும் வசதி அதற்கு இருக்கிறது, நமக்கு இல்லை.

திரையில் பேட்டரி எப்போதும் நிறைந்திருந்தால் நல்லதா?

இல்லை. நிறைந்த பேட்டரிக்குப் பிரேக்கிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள இடமிருக்காது. பாதியளவிலோ சற்று மேலேயோ ஏறி இறங்கிக்கொண்டிருப்பதுதான் ஆரோக்கியமான நிலை. திரையில் கோடுகள் குறைவதைக் கண்டு பதற வேண்டாம்.

பிரேக் போடுவதில் என்ன சிக்கனம் இருக்கிறது?

ஹைபிரிடின் உயிரே அங்கேதான் இருக்கிறது. சாதாரணக் காரில் பிரேக் போட்டால், அதுவரை பெட்ரோல் செலவழித்துச் சேர்த்த வேகம் முழுவதும் பிரேக் தட்டில் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடும். ஹைபிரிடில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, சக்கரத்தின் சுழற்சியைத் தடுத்து, அதை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்புகிறது. இதை ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங் என்பார்கள். நான் மின் மீட்பு என்றே எழுதுகிறேன்.

கணக்கைப் பாருங்கள். 1,500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும்போது அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 58 வாட் மணி. கேட்பதற்குச் சிறிதாக இருக்கும். நகரத்தில் இதே வேகத்திலிருந்து 100 முறை நின்றால் 5.8 கிலோவாட் மணி ஆகிவிடுகிறது. எஞ்சின் 40 சதவீதத் திறனோடு உழைத்தால்கூட, அதை உருவாக்க ஒன்றரை லிட்டருக்கு மேல் பெட்ரோல் வேண்டும். இந்த ஆற்றலில் எவ்வளவு பேட்டரிக்குத் திரும்புகிறது என்பதை நிர்ணயிப்பது பெருமளவு உங்கள் வலது கால்.

மோட்டாரும் பேட்டரியும் ஒரு நேரத்தில் வாங்கிக்கொள்ளும் சக்திக்கு வரம்பு உண்டு. திடீரென்று அழுத்திப் பிரேக் போட்டால், வரம்பைத் தாண்டிய பங்கை வழக்கமான பிரேக் தட்டுகள் எடுத்துக்கொள்ளும். அது வெப்பமாக வீணாகும். நீண்ட தூரத்தில் மெல்ல அழுத்தினால் ஏறத்தாழ முழு வேலையையும் மோட்டாரே செய்துவிடும். முன்னால் 300 மீட்டரில் சிவப்பு விளக்கு தெரிகிறதா? அங்கேயே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். டேஷ்போர்டில் உள்ள சக்தி மானியின் முள் ‘சார்ஜ்’ பகுதிக்குள் லேசாக இறங்கும். பிறகு பிரேக்கை ஒரு விரல் கனத்தில் தொட்டு, முள் அந்தப் பகுதியின் கடைசிக் கோட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடைவேகத்துக்குக் குறைந்ததும் முள் பூஜ்யத்துக்குத் திரும்பும். அந்தக் கடைசிச் சில மீட்டர்களில் மட்டும் பிரேக் தட்டுகள் வேலை செய்யும். நீங்கள் விளக்கை நெருங்குவதற்குள் பச்சை விழுந்துவிட்டால் இன்னும் நல்லது. மின்சாரமாக மாற்றி மீண்டும் வேகமாக மாற்றுவதைவிட, இருக்கும் வேகத்தை இழக்காமல் வைத்திருப்பதே லாபம்.

ஒன்றை மறக்க வேண்டாம்: ஆபத்து என்றால் முழு பலத்தோடு பிரேக்கை மிதியுங்கள். அந்த நேரத்தில் முள்ளைப் பார்க்கக் கூடாது.

‘பி’ நிலையில் ஓட்டினால் பேட்டரி வேகமாக நிரம்புமே, எப்போதும் அதிலேயே ஓட்டலாமா?

வேண்டாம். டொயோட்டா வகை முழு ஹைபிரிட்களில் ‘பி’ என்பது எஞ்சின் பிரேக்குக்கான நிலை. காலை எடுத்ததும், எரிபொருள் இல்லாமலேயே எஞ்சினைச் சுழலவைத்து, காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளும் வேலையில் காரின் வேகத்தைக் கணினி கரைக்கிறது. பேட்டரிக்குப் போயிருக்க வேண்டிய ஆற்றலில் ஒரு பங்கு அப்படி வீணாகிறது.

அப்படி வீணாக்குவதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. அதே 1,500 கிலோ கார் 500 மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறங்கும்போது விடுவிக்கும் ஆற்றல் ஏறத்தாழ 2 கிலோவாட் மணி. சாலை உராய்வும் காற்றும் ஒரு பங்கை விழுங்கினாலும், மேலே சொன்ன 1.3 கிலோவாட் மணி பேட்டரியின் நடுப்பகுதி மலைச்சரிவின் பாதி வழியிலேயே நிரம்பிவிடக்கூடும். அதன்பிறகு மின் மீட்பு நின்றுபோய், முழுச் சுமையும் பிரேக் தட்டுகள் மீது விழுந்தால் அவை சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். அதற்காகத்தான் ‘பி’. நீண்ட இறக்கத்தில் தயங்காமல் பயன்படுத்துங்கள். சமதளத்துக்கு வந்ததும் வழக்கமான ஓட்ட நிலையான ‘டி’க்கு மாற்றிவிடுங்கள்.

சில பிளக்-இன் கார்களிலும், எஞ்சின் ஜெனரேட்டரைச் சுற்றுவதற்கு மட்டுமே இயங்கும் கார்களிலும் ‘பி’ என்பது மின் மீட்பைக் கூட்டும் நிலை மட்டுமே. அங்கே இந்த எச்சரிக்கை பொருந்தாது. கையேட்டைப் பாருங்கள்.

இறக்கத்திலோ சிக்னலிலோ நியூட்ரலில் போடலாமா?

கூடாது. முழு ஹைபிரிட்கள் பெரும்பாலானவற்றில் நியூட்ரலில் இருக்கும்போது பேட்டரி சார்ஜ் ஆகாது, மின் மீட்பும் கிடைக்காது. நெரிசலில் நீண்ட நேரம் நியூட்ரலில் நின்றால் ஏசி பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சிக்னலில் ‘டி’யிலேயே பிரேக்கை மிதித்து நில்லுங்கள், எஞ்சின் தானாக அணைந்திருக்கும்.

ஆமை வேகத்தில் முடுக்கினால்தான் மைலேஜ் கிடைக்குமா?

பலர் நம்புவது இது. ஆனால் ஹைபிரிட் எஞ்சினின் குணம் வேறு. பெரும்பாலான முழு ஹைபிரிட்களில் இருப்பது, 19-ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் அட்கின்சன் வகுத்த சுழற்சியைத் தழுவிய எஞ்சின். அதில் வாயு விரியும் கட்டம் அமுக்கப்படும் கட்டத்தைவிட நீளமாக இருப்பதால், எரிபொருளிலிருந்து கூடுதல் வேலை வாங்க முடிகிறது. 2015-இல் அறிமுகமான நான்காம் தலைமுறை பிரியஸின் எஞ்சின் அதிகபட்சம் 40 சதவீத வெப்பத்திறனை எட்டியது. அந்த 40 சதவீதம் எல்லா நேரத்திலும் கிடைப்பதில்லை. எஞ்சின் நடுத்தரமான சுமையைத் தாங்கி உழைக்கும்போதுதான் கிடைக்கும். மிக லேசான சுமையில் ஓடும் எஞ்சின் திறன் குறைந்தது.

ஆகவே பச்சை விழுந்ததும் ஊர்ந்துகொண்டே அரை நிமிடம் எடுத்து வேகம் பிடிப்பதில் லாபம் இல்லை. பின்னால் வருபவர்களின் பொறுமையும் சோதிக்கப்படும். மானியின் ஈக்கோ பகுதியின் மேல்விளிம்பு வரை முள்ளைக் கொண்டுபோய், உறுதியாக வேகமெடுங்கள். வேண்டிய வேகம் வந்ததும் காலை முழுவதும் எடுத்துவிட்டு, மீண்டும் இறகு போல மிதியைத் தொடுங்கள். எஞ்சின் அணைந்து, கார் மோட்டாரின் பலத்தில் மிதந்து போகும். வேகம் சற்றுக் குறைந்ததும் மீண்டும் ஒரு முறை உறுதியாக அழுத்தி, மீண்டும் மிதக்க விடலாம். இந்தத் தாளம் கைவந்துவிட்டால் நகர ஓட்டத்தில் எந்த மோடும் தராத மிச்சத்தை இது தரும். இதைக் கற்றுக்கொள்ள எனக்குச் சில வாரங்கள் ஆயின. எஞ்சின் அணையும் அந்தச் சின்ன அதிர்வைக் கால் அடையாளம் கண்டுகொண்ட நாளிலிருந்து எளிதாகிவிட்டது. வாகனங்கள் அடர்த்தியாக வரும் சாலையில் மட்டும் இப்படி வேகத்தைக் கூட்டிக் குறைக்காதீர்கள்.

நகரத்தில் நல்ல மைலேஜ் தரும் கார் நெடுஞ்சாலையில் ஏன் ஏமாற்றுகிறது?

நெடுஞ்சாலையில் மீட்பதற்கு பிரேக்கே இல்லை. அங்கே எதிரி காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 80 கி.மீ.யிலிருந்து 100 கி.மீ.க்குப் போனால் எதிர்ப்பு ஏறத்தாழ 56 சதவீதம் கூடுகிறது. இதை எந்த மோடாலும் ஈடுகட்ட முடியாது. 110-இல் போகும் வழக்கத்தை 90-க்குக் குறைத்துப் பாருங்கள். கூரையில் வெறுமனே கிடக்கும் சுமைச் சட்டத்தையும் கழற்றிவிடுங்கள்.

வைத்த வேகத்திலேயே காரை ஓட்டும் க்ரூஸ் கன்ட்ரோல் சமதளத்தில் நன்றாக உதவும். ஏற்ற இறக்கமான சாலையில், மேட்டில் வேகம் ஒரு கி.மீ.கூடக் குறையக் கூடாது என்று அது எஞ்சினை விரட்டும். அங்கே உங்கள் காலே மேல்: மேட்டில் வேகம் சற்றுக் குறையட்டும், இறக்கத்தில் தானாகத் திரும்பி வரும்.

அருகிலுள்ள இடங்களுக்குப் போனால் மைலேஜ் படுத்துவிடுகிறதே?

குளிர்ந்த எஞ்சினை இயக்கியதும், புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கிக் கருவியைச் சூடாக்குவதற்காகவே கணினி அதைச் சிறிது நேரம் ஓடவைக்கும். வண்டி நின்றுகொண்டிருந்தாலும் ஓடும். இரண்டு கிலோமீட்டர் பயணத்தில் பெரும்பங்கு இந்தச் சூடாக்கலிலேயே போய்விடுகிறது. நான்கு சிறு வேலைகளை ஒரே சுற்றில் முடித்துக்கொண்டால், ஒரே ஒரு முறை சூடாக்கினால் போதும்.

குளிர்காலத்தில் ஹீட்டரும் எஞ்சினை எழுப்பும், ஏனென்றால் அதற்கு வேண்டிய வெப்பம் எஞ்சினின் குளிர்விப்பு நீரிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. இருக்கைச் சூடாக்கி இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு ஹீட்டரின் வெப்பநிலையை இரண்டு டிகிரி குறைத்துப் பாருங்கள். வெயில் காலத்தில் வெயிலில் நின்ற காரின் கண்ணாடிகளை இறக்கிச் சூட்டை வெளியேற்றிய பிறகே ஏசியைப் போடுங்கள்.

பிளக்-இன் ஹைபிரிடில் சேவ், சார்ஜ் என்று வேறு மோட்கள் இருக்கின்றன. அவை எதற்கு?

இங்கே ஈவி மோடைப் பற்றி நான் மேலே சொன்னது தலைகீழாகிறது. பேட்டரியில் இருப்பது சுவரிலிருந்து வந்த மின்சாரம் என்பதால், அதைத் தாராளமாகச் செலவழியுங்கள். தினசரிப் பயணம் பேட்டரியின் தூரத்துக்குள் அடங்கினால், ஈவியிலேயே ஓட்டி, வந்ததும் சார்ஜரில் மாட்டிவிடுங்கள்.

பயணம் அதைவிட நீளமானால், பேட்டரியைச் செலவழிக்காமல் பிறகு பயன்படுத்த வைத்திருக்கும் சேவ் மோட் கைகொடுக்கும். நெடுஞ்சாலையில் சேவை அழுத்தி எஞ்சினை ஓடவிட்டு, நகர நெரிசல் தொடங்கியதும் ஈவிக்கு மாறுங்கள். நிதானமான வேகத்தில் எஞ்சின் திறமையாக ஓடும். நின்று நின்று போகும் இடத்தில் மோட்டாரை எதுவும் மிஞ்ச முடியாது. சார்ஜ் மோட், எஞ்சினை வைத்தே அந்தப் பெரிய பேட்டரியை நிரப்புகிறது. பெட்ரோலை மின்சாரமாக்கும் அத்தனை இழப்பும் அதில் உண்டு. வெளிப்புகைக்குத் தடை உள்ள பகுதிக்குள் போக வேண்டியிருந்தால் தவிர, அதை நான் தொடுவதில்லை.

நான் செய்யும் மாற்றம் பலன் தருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டேஷ்போர்டு காட்டும் எண் ஓட்டும்போது வழிகாட்டும். ஆனால் கணக்குக்கு டாங்க்தான் சாட்சி. பம்ப் முதல்முறை தானாக நிற்கும் வரை நிரப்பி, பயண மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்த முறையும் முடிந்தால் அதே பம்பில் அதே போல நிரப்புங்கள். 612 கி.மீ. ஓடி 27.2 லிட்டர் பிடித்தால், லிட்டருக்கு 22.5 கி.மீ.; 100 கி.மீ.க்கு 4.4 லிட்டர்.

இரண்டாவது அளவையையும் எழுதிவைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. லிட்டருக்கு 10 கி.மீ. என்பது 12 ஆனால் 100 கி.மீ.க்கு 1.67 லிட்டர் மிச்சம். 20 என்பது 22 ஆனால் மிச்சம் 0.45 லிட்டர்தான். இரண்டிலும் கூடியது 2 கி.மீ.தான் என்றாலும் பணப்பையில் தெரியும் வித்தியாசம் வெகு தூரம்.

ஒரே டாங்கை வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஒரு மாற்றத்துக்குக் குறைந்தது மூன்று டாங்க் ஓட்டுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்யாதீர்கள். சோதனையைத் தொடங்கும் நாளில், வண்டி இரவெல்லாம் நின்று டயர்கள் ஆறியிருக்கும்போது காற்றழுத்தத்தை ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டையில் சொன்ன அளவுக்கு நிரப்பிக்கொள்ளுங்கள். காற்று குறைந்த டயரோடு எடுத்த கணக்கை வைத்து எந்த மோடையும் எடைபோட முடியாது. குளிர்காலக் கணக்கைக் கோடைக் கணக்கோடு ஒப்பிடாமல், போன ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். என் காரில் இதற்காகவே ஒரு சிறு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் தேதி, தூரம், லிட்டர், அந்த டாங்கில் பயன்படுத்திய மோட் என்று நான்கே விஷயங்கள்.